பழைய காரில் புதிய ஆசனம்



வீட்டில் ஒரு நாற்காலி பழுதானால் வேறொன்றை வாங்கிப் போடுகிறோம். நான்கு கால்களும் தரையில் சமமாக ஊன்றி நின்றால் போதும். அதற்குமேல் அதனிடம் நாம் ஒன்றும் எதிர்பார்ப்பதில்லை. மோட்டார் காரின் ஆசனத்தையும் நம்மிற் பலர் இவ்வாறே கருதிவிடுகிறார்கள். பஞ்சு மெத்தென்று இருக்கிறதா, மேலுறையின் நிறம் கண்ணுக்கு இனியதாக இருக்கிறதா என்று பார்த்த அளவில் அவர்களுடைய ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. ஓடும் காரின் ஆசனத்துக்கு வேறொரு கடமையும் உண்டு. கார் எதன்மீதேனும் மோதி நிற்கும் அந்த நொடியில், அதில் அமர்ந்திருப்பவரை அவருடைய இடத்திலேயே பிடித்து வைத்திருக்க வேண்டிய உறுப்புகளுள் அது ஒன்று. ஆதலால் பழைய கார் ஒன்றிலிருந்து அதன் சொந்த ஆசனத்தை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்த விரும்புவோர் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

புனேயில் வாழும் தமிழ் மக்களுக்கு இந்தப் பொருள் அயலானதன்று. மோட்டார்த் தொழில் செழித்த நகரம் இது. பிம்பிரியிலும் சிஞ்ச்வடிலும் உள்ள தொழிற்சாலைகளில் உழைத்த தமிழர் பலர். கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையை நாடி முன்னோர் காலத்திலேயே வந்து குடியேறியவரும் உளர். அத்தகைய குடும்பங்கள் சிலவற்றில் தந்தையோ பாட்டனாரோ வாங்கிய ஃபியட் ஒன்று இன்றும் வாசலில் நிற்கக்கூடும். விற்க மனம் வராமல், ஓட்டாமலும் இருக்க மாட்டாமல், அதனைச் செப்பனிட்டு வைத்திருக்கும் அன்பு போற்றத்தக்கதே. ஆனால் அந்த அன்போடு சிறிது கணக்கும் சேர வேண்டும்.

நம் நாட்டுச் சாலைகளில் பழம்பெருமை பெற்ற கார்கள் மூன்றினை முதலில் நினைவுகூர்வோம். 1944-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி, பம்பாய்க் குர்லாவில் ஃபியட் கார்களை உருவாக்கிற்று. 1964-இல் ஃபியட் 1100 டிலைட் என வெளிவந்த கார், 1974 முதல் பிரீமியர் பத்மினி என்று பெயர் பெற்றது. மும்பை நகரத்தின் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக விளங்கி, 2023 அக்டோபரில் அத்தொழிலிலிருந்து விடைபெற்றதும் இதுவே. வங்காளத்து உத்தர்பாராவில் 1958 முதல் 2014 வரை செய்யப்பெற்ற அம்பாசடர் இரண்டாவது. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் கம்பெனி 1961 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் செய்த ஹெரால்ட் மூன்றாவது. இவற்றை வைத்திருப்போர் ஆசனத்தை மாற்ற விழைவதற்குத் தக்க காரணங்கள் உண்டு. நாற்பது ஐம்பது ஆண்டுகளில் ஸ்பிரிங்குகள் தளர்ந்துவிடும்; தேங்காய் நாரும் பஞ்சும் பொடியாகிவிடும். முதுகுவலி உடையோருக்குப் பழைய நீண்ட ஆசனம் இடுப்பைத் தாங்குவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அக்காலத்து ஆசனங்களின் முதுகுப்பாகம் தோள் அளவோடு நின்றுவிடும். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள்; அந்தச் சிரசுக்குப் பின்னே தாங்குவதற்கு ஒன்றும் இராது. பின்னாலிருந்து ஒரு லாரி இடித்தால் தலை பின்னோக்கிச் சாட்டைபோல் வீசப்பட்டுக் கழுத்தெலும்பு ஊறுபடும். தலைதாங்கியுள்ள ஆசனம் வேண்டுமென்று ஒருவர் விரும்பினால் அது வீண் ஆடம்பரம் ஆகாது.

இனி, மோதலின்போது ஆசனத்தின்மேல் வரும் பாரம் எவ்வளவு என்று பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு சுவரில் மோதி, முன்பாகம் 60 சென்டிமீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கிட்டால், காருக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் நிறுத்துவதற்கு அதன் எடையைப்போல் ஏறக்குறைய 16 மடங்கு விசை தேவைப்படும். இதுவும் சராசரி அளவுதான். 25 கிலோ எடையுள்ள ஆசனம் அந்த நேரத்தில் 400 கிலோ எடைபோல் தரையிலிருந்து பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். 70 கிலோ எடையுள்ள ஆளை நிறுத்துவதற்கு 1,100 கிலோவுக்கு மேற்பட்ட பிடிப்பு வேண்டும். பின்னிருக்கையில் பட்டை அணியாமல் 60 கிலோ எடையுள்ள ஒருவர் இருந்தால், அவர் ஏறத்தாழ 960 கிலோ பாரமாகி முன்னாசனத்தின் முதுகில் வந்து விழுவார். அந்த ஆசனத்தில் தாயோ குழந்தையோ இருப்பதாக எண்ணிப் பாருங்கள். இத்தனையும் நிகழ்வது கண் இமைக்கும் நேரத்துக்குள். கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை என்று சொல்வது இந்தக் கணக்குக்கு விடையாகாது.

இந்தப் பாரம் எங்கே போய்ச் சேர்கிறது? ஆசனத்தின் சட்டத்திலிருந்து அது நகரும் தண்டவாளங்களுக்கும், தண்டவாளங்களிலிருந்து தாங்கிக் கால்களுக்கும், கால்களிலிருந்து போல்ட்டுகளுக்கும், போல்ட்டுகளிலிருந்து காரின் தரைத் தகட்டுக்கும் இறங்குகிறது. சங்கிலியின் வலிமை அதன் மிக மெலிந்த கண்ணியின் வலிமையே. பலரும் போல்ட்டு முறிந்துவிடுமோ என்றே அஞ்சுகிறார்கள். உண்மையில், நல்ல உருக்காலான 8 மில்லிமீட்டர் போல்ட்டு ஒன்று இரண்டாயிரம் கிலோவுக்கு மேற்பட்ட இழுவையைத் தாங்கும். முதலிற் கிழிவது தரைத் தகடு. ஒரு மில்லிமீட்டர் அளவே கனமுள்ள அந்தத் தகட்டில், சிறு வாஷர் ஒன்றைப் போட்டு முடுக்கப்பட்ட நட்டு, துணியிலிருந்து பொத்தான் அறுந்து வருவதுபோல் தகட்டையும் வளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். போல்ட்டு முழுதாக இருக்கும். ஆசனம் இடத்தில் இராது.

தரையைப் பற்றி இங்கே இன்னும் சிறிது சொல்ல வேண்டும். ஃபியட்டுக்கும் அம்பாசடருக்கும் லாரிபோல் தனியான சாஸி கிடையாது. கூடும் தரையும் சேர்ந்தே காரின் எலும்பாக அமைந்தவை அவை. ஹெரால்டுக்குத் தனிச் சாஸி உண்டு. அதன்மேல் கூடு போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்கும். ஆனால் மூன்றிலும் ஆசனம் நிற்பது பெரும்பாலும் மெல்லிய தகட்டின்மேல்தான். காரைச் செய்தவர்கள் பழைய ஆசனம் ஊன்றும் இடங்களில் மட்டும் தகட்டை மடித்தோ, இரட்டையாக்கியோ, குறுக்குச் சட்டம் இட்டோ வலுப்படுத்தியிருப்பார்கள். புதிய ஆசனத்தின் கால்கள் வேறிடத்தில் விழுந்தால் அந்த வலிமை நமக்குக் கிட்டாது. மேலும் புனேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. நனைந்த காலணியோடு ஏறுகிறோம். மிதியடிக்குக் கீழே ஈரம் தங்குகிறது. ஆண்டுக்கு ஆண்டு துரு தின்கிறது. ஆகையால் முதல் வேலை, மிதியடியையும் அதன் கீழுள்ள தாரொட்டையும் எடுத்துவிட்டுத் தரையைக் காண்பது. திருகாணி முடுக்கியின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும்; துரு தின்ற தகடு மந்தமாக ஒலிக்கும், அல்லது குழிந்துவிடும். அழுகிய பாகத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதிய தகடு பற்றவைத்த பிறகே ஆசனத்தைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். தார் பூசியும் வண்ணம் பூசியும் மறைத்த துரு, மறைந்திருக்கும் பள்ளத்துக்கு ஒப்பானது.

அடுத்தது, எந்த ஆசனத்தைத் தேர்வது என்பது. மங்கள்வார் பேட்டையை அடுத்துக் கூடும் ஜூனா பஜாரிலும், சென்னைப் புதுப்பேட்டையிலும், உடைத்த கார்களின் உறுப்புகள் மலிவாகக் கிடைக்கின்றன. மலிவு என்பதற்காக வாங்கிவிடலாகாது. பெரும் விபத்தில் சிக்கிய காரின் ஆசனம், வெளியே பழுதின்றித் தோன்றினாலும், சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கலாம். பூட்டுப் பற்கள் தேய்ந்திருக்கலாம். உறையைக் கழற்றிச் சட்டத்தைக் காணாமல் வாங்க வேண்டாம். தண்டவாளம் இரண்டும் ஒரே சமயத்தில் பூட்டிக்கொள்கின்றனவா என்று பாருங்கள். இன்றைய கார்கள் பலவற்றில் ஆசனத்தின் பக்கவாட்டிலேயே காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதற்கு அடையாளமாக ஒரு சிறு சீட்டு தைத்திருக்கும். அதனுள் வெடிக்கும் மருந்து இருக்கிறது. அதை அறுத்துப் பார்ப்பதும், மின்சாரக் கருவி கொண்டு சோதிப்பதும் உயிருக்கு ஆபத்து. அத்தகைய ஆசனத்தைப் பழைய காருக்காக வாங்காமல் விடுவதே அறிவுடைமை. மின் மோட்டாரால் நகரும் ஆசனங்களும் வேண்டா. அவை எடை மிகுந்தவை. எடை மிகுந்தால் மோதலில் தரைக்கு வரும் பாரமும் மிகும். கூடுமாயின், அதே காரின் பிற்கால மாதிரியில் கம்பெனியாரே வைத்த தனித்தனி ஆசனங்களைத் தேடுவது நன்று. தாங்கிகளைப் புதிதாகப் படைக்க வேண்டிய வேலை அதனால் பெரிதும் குறையக்கூடும்.

ஆசனம் கிடைத்துவிட்டது, அதன் கால்கள் காரின் துளைகளோடு பொருந்தவில்லை. பொதுவாக இங்கேதான் தவறு புகுகிறது. பட்டறைக்காரர் இரண்டு தட்டை இரும்புப் பட்டைகளை வளைத்து, நிமிர நிறுத்தி, அவற்றின்மேல் ஆசனத்தை ஏற்றிவிடுகிறார். கீழ்நோக்கிய பாரத்தை அவை தாங்கும். முன்னோக்கிய வீச்சில் சீட்டுக்கட்டுபோல் சாய்ந்துவிடும். தாங்கி எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு நெம்புகோலின் ஆற்றல் பெருகுகிறது. ஆகையால் தாங்கி இயன்றவரை தாழ்வாக இருக்க வேண்டும். கோணச் சட்டமாகவோ பெட்டிச் சட்டமாகவோ இருக்க வேண்டும். இடப்புறமும் வலப்புறமும் குறுக்குச் சட்டத்தால் இணைக்கப்பட வேண்டும். உயரம் போதவில்லை என்று வாஷர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது கூடவே கூடாது. ஆசனத்தின் தண்டவாளத்தில் புதிய துளையிடுவதும், அதன்மேல் பற்றவைப்பதும் ஆகா. அந்த உருக்கு வெப்பத்தால் தன் உறுதியை இழக்கும். வழியும் கோணிப் பூட்டு சரியாக விழாமற்போகும். இரு தண்டவாளங்களும் ஒன்றுக்கொன்று இணையாகவும் ஒரே மட்டத்திலும் அமைய வேண்டும். ஒன்று சிறிது முறுகினாலும் ஒருபுறப் பூட்டு மட்டும் விழும். ஓட்டுகிறவர் பிரேக்கை அழுத்துகையில் ஆசனம் பின்னே நழுவும். பிரேக்கிலிருந்து கால் விலகிவிட்ட அந்த நிலையை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

தரையில் பொருத்துவதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமெனில், மோட்டார்ப் பந்தயங்களை உலகளவில் நெறிப்படுத்தும் எஃப்.ஐ.ஏ. என்னும் அமைப்பின் விதிகளைக் கைக்கொள்ளலாம். ஓர் ஆசனத்துக்குக் குறைந்தது நான்கு இடங்களில் பிடிப்பு. ஒவ்வொன்றுக்கும் 8 மில்லிமீட்டருக்குக் குறையாத போல்ட்டு. தரைக்கு அடியில் ஒவ்வோர் இடத்திலும் 40 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாத பரப்பும், உருக்காயின் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள எதிர்த்தகடு என்று அவ்விதிகள் கூறுகின்றன. ஆறரைச் சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத் தகடு அந்தப் பரப்பைத் தந்துவிடும். நானூறு கிலோ பாரத்தை ஒரு காசு அளவுள்ள இடத்தில் ஏற்றாமல், உள்ளங்கை அளவுள்ள இடத்தில் பரப்பிவிடுவதே இந்தத் தகட்டின் வேலை. அதன் முனைகளை அரத்தால் மழுக்க வேண்டும். கூரிய முனை தரைத் தகட்டை வெட்டும். துருத் தடுக்கும் பூச்சும், நீர் புகாத அடைப்பும் இட வேண்டும். போல்ட்டின் தலையில் 8.8 என்ற எண் பொறித்திருக்கிறதா என்று கண்ணால் கண்டு வாங்குங்கள். எண்ணில்லாத போல்ட்டு வீட்டுக் கதவுக்கு ஆகும், இதற்கு ஆகாது. நட்டு தானே கழலாதபடி நைலான் வளையம் உள்ளதாக இருக்கட்டும். துளையிடுமுன் காருக்கு அடியில் குனிந்து பார்ப்பது அவசியம். பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் அவ்வழியே செல்லக்கூடும். பற்றவைப்பு நடக்குமாயின் மின்கலத்தின் இணைப்பை நீக்கி, பஞ்சும் மெத்தையும் எட்ட வைத்து, அருகே தீயணைப்பானும் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆசனத்தைப் பற்றிப் பேசும்போது இருக்கைப் பட்டையை விட்டுவிட முடியாது. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மும்முனைப் பட்டையை, ஸ்வீடன் நாட்டு வோல்வோ கம்பெனியின் பொறியாளர் நில்ஸ் போலின் அமைத்துத் தர, அது 1959-இல் கார்களில் இடம்பெற்றது. நம் நாட்டில் முன்னிருக்கைப் பட்டை புதிய கார்களில் கட்டாயமானது 1994-இல்தான். அதற்கு முற்பட்ட கார் பலவற்றில் பட்டையே இராது. சிலர் புதிய ஆசனத்தோடு பட்டையையும் வாங்கி, அதை ஆசனத்தின் சட்டத்திலேயே மாட்டிவிடுகிறார்கள். அப்போது ஆளின் பாரம் முழுவதும் ஆசனத்தின் கால்கள் வழியே தரைக்கு வருகிறது. முன்சொன்ன 400 கிலோ என்னும் கணக்கு ஆயிரத்தைந்நூறைத் தாண்டிவிடும். ஐக்கிய நாடுகளின் வாகன விதிகளின்படி மும்முனைப் பட்டையின் பிடிப்புகளைச் சோதிக்கும்போது, தோள் பாகத்தில் ஏறக்குறைய 1,375 கிலோ, இடுப்புப் பாகத்தில் அதே அளவு என்று ஒருங்கே இழுத்துப் பார்க்கிறார்கள். பிடிப்பு ஆசனத்தோடு சேர்ந்திருந்தால் ஆசனத்தின் எடையைப்போல் 20 மடங்கையும் கூட்டிக்கொள்கிறார்கள். ஆதலின் பட்டையின் பிடிப்புகள் ஆசனத்தைச் சாராமல், வலுவூட்டிய தரையிலும் கதவுத் தூணிலும் அமைய வேண்டும். பட்டைக்கென்றே செய்யப்படும் ஏழின்கீழ் பதினாறு அங்குல உருக்கு போல்ட்டையே அதற்குப் பயன்படுத்த வேண்டும். ஆசனம் உயர்ந்தாலும் நகர்ந்தாலும் பட்டை விழும் இடமும் மாறும். அது இடுப்பெலும்பின்மேல் படிய வேண்டும். வயிற்றின்மேல் ஏறினால் காக்க வந்ததே காயம் செய்யும்.

இத்தகைய சோதனைகள் நடைபெறும் இடம் நம் புனேயிலேயே உண்டு என்பதை நேயர்கள் அறிந்திருக்கலாம். கோத்ரூடுப் பகுதியில், வேதாள் குன்றின்மீது, 1966-இல் நிறுவப்பெற்ற இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. கார் செய்யும் கம்பெனிகளின் ஆசனங்களும் பட்டைகளும் சாலைக்கு வருமுன் பரிசோதிக்கப்படும் நிலையங்களுள் அது ஒன்று. கம்பெனியார் ஒரு மாதிரி ஆசனத்தை இழுத்தும் மோதியும் உடைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றை விற்கிறார்கள். நாம் பட்டறையில் பொருத்தும் ஆசனத்தை அவ்வாறு உடைத்துப் பார்க்க இயலாது. சோதிக்க இயலாத ஒன்றைத் தேவைக்கு மேற்பட்ட வலிமையோடு செய்வதுதான் நேர்மையான வழி.

பொருத்தி முடித்த பின், காரை நிறுத்தி வைத்தே சில சோதனைகள் செய்க. ஓட்டுநர் அமர்ந்தால் தலைக்கும் கூரைக்கும் இடையே ஒரு கைப்பிடி அளவேனும் இடைவெளி இருக்கிறதா? கிளட்ச்சை முழுதும் அழுத்தும்போதும் முழங்கால் சிறிது மடிந்தே இருக்கிறதா? பழைய கார்களின் ஸ்டீயரிங் தண்டு இக்காலத்தவை போல் மோதலில் மடிந்து கொடுப்பதன்று. ஆகவே மார்பு சக்கரத்தை நெருங்கி இருக்கலாகாது. ஸ்டீயரிங் தண்டில் கியர்ப்பிடி உள்ள ஃபியட்டில், எல்லாக் கியர்களும் கால்முட்டியில் இடிக்காமல் விழுகின்றனவா? கைபிரேக்கு முழுதும் எட்டுகிறதா? இரு கதவு ஹெரால்டாயின், முன்னே மடியும் ஆசனத்தின் முதுகு பூட்டிக்கொள்கிறதா? பூட்டில்லாத முதுகு, பின்னால் இருப்பவரின் பாரத்தோடு முன்னால் இருப்பவர்மேல் மடியும். இவையெல்லாம் சரியானால், ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை எல்லா நட்டுகளையும் மீண்டும் முடுக்கிப் பாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் எதிர்த்தகடுகளைப் பாருங்கள்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றுக்கும் மாறுபடும்படி வாகனத்தை மாற்றலாகாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. மூவர் அமரும் நீண்ட ஆசனத்தை நீக்கி இரண்டு தனி ஆசனம் வைத்தால், அமருவோர் எண்ணிக்கையே மாறக்கூடும். ஆகவே வேலை தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவிப்பது நன்று. ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களுக்கு, 2021 ஜூலையில் வெளியான விதிகள் பழம்பெரும் வாகனம் என்ற தனிப் பதிவை அளிக்கின்றன. சாஸியும் கூடும் எஞ்சினும் பெருமாறுதல் இன்றி, முதல் வடிவோடு இருக்க வேண்டும் என்பது அதற்குரிய நிபந்தனை. அந்தப் பதிவை நாடுவோர் தரையை வெட்டுமுன் இருமுறை எண்ணுக.

முடிவாக ஒன்று. எப்போதும் புதிய ஆசனமே வேண்டும் என்பதில்லை. பழைய ஆசனத்தின் சட்டத்தைத் துரு நீக்கி, விரிசல் இருந்தால் தேர்ந்தவரைக் கொண்டு செப்பனிட்டு, புதிய ஸ்பிரிங்கும் தரமான நுரைமெத்தையும் இட்டு, அதன் சொந்த இடத்திலேயே எதிர்த்தகடுகளோடு பூட்டி, முறையான பட்டையும் அமைத்தால் பல குடும்பங்களுக்கு அதுவே போதும். நகருக்குள் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காருக்கு ஒரு தேவை. மணிக்கு நூறு கிலோமீட்டர் வரை வாகனங்கள் ஓடும் மும்பை விரைவுச் சாலையிலோ, கொல்லாப்பூர், ஹூப்ளி, பெங்களூர் வழியாக ஓசூர் எல்லை வரை நீளும் நெடுஞ்சாலையிலோ பிள்ளைகளோடு சொந்த ஊருக்குச் செல்லும் காருக்கு வேறொரு தேவை. தம் கார் எந்த வழியில் ஓடப் போகிறது என்பதை முதலில் தீர்மானித்து, அதற்கேற்ற வலிமையைத் தரைக்கு அடியில் தேடுங்கள். வேலையை ஒப்படைக்கும்போது, உறையின் நிறத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் பட்டறைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: தரைக்குக் கீழே என்ன தகடு வைக்கப் போகிறீர்கள்? அதற்குத் தெளிவான விடை சொல்கிறவரிடம் காரை விடலாம்.